பிளகின் ரிலீஸ் பண்ண முதல் கட்டின ஜெம்மைத் திறந்து பாருங்கோ

ரூபி மொழியில சாதாரண ஜெம் (பொதியாக் கட்டி விடுற கோட்) விடுறதும், ஜெம்முகளை இன்ஸ்டால் பண்ணித்தாற பண்ட்லர் எண்ட கருவிக்குப் பிளகின் விடுறதும் ஒண்டில்லை. ஜெம்மில பிழை இருந்தா அதைக் கூப்பிடுற இடத்திலதான் உடையும், ஆனா பிளகின் எண்டது ஆக்கள் பண்டில் இன்ஸ்டால் அடிக்கேக்க பண்ட்லருக்குள்ளேயே நிண்டு ஓடுது, பிஃபோர்-இன்ஸ்டால்-ஆல் ஹூக்கில (இன்ஸ்டால் துவங்க முதல் பண்ட்லர் எங்கட கோடைக் கூப்பிடுற இடம்) எங்கட கோடால ஒரு எக்செப்ஷன் வந்துதெண்டா அவையின்ர முழு இன்ஸ்டாலும் அதோட நிண்டிடும், அவையின்ர அப்பில ஒரு பிழையும் இல்லாமலே. அதுதான் எனக்கு இதில இவ்வளவு கவனம்.

கொக்குவில்ல ஒரு தம்பி முதல்முதலா ஒரு பிளகின் எழுதிப்போட்டு, "அண்ணை, டெஸ்ட் எல்லாம் பச்சை, புஷ் பண்ணட்டோ?" எண்டு கேட்டவர். பொறும் எண்டன். பண்ட்லர் தேடுறது ஜெம்மின்ர மேல் ஃபோல்டரில இருக்கிற பிளகின்ஸ்.ஆர்பி எண்ட ஃபைலை. ஜெம்ஸ்பெக் எண்ட, ஜெம்மின்ர விபரம் எழுதுற ஃபைலின்ர ஃபைல்ஸ் லிஸ்டில லிப் ஃபோல்டரை மட்டும் குடுத்தா அது ஜெம்முக்குள்ள போகாது, ஆனா ரிப்போவில கிடக்கிறபடியா டெஸ்ட் பச்சையாத்தான் வரும். அதால ஜெம் பில்ட் அடிச்சு, வாறதை ஜெம் அன்பேக் பண்ணி உள்ளுக்கு என்ன கிடக்கெண்டு கண்ணால பாரும், பிறகு வேற ஒரு வெறும் ப்ராஜெக்டில இன்ஸ்டால் பண்ணிப் பாரும் எண்டு சொன்னன்.

அடுத்தது வெர்ஷன் நம்பர். ஜெம்முகளை எல்லாரும் போடுற ரூபிஜெம்ஸ் தளத்தில ஒருக்காப் போட்ட நம்பரை யாங்க் பண்ணினாலும் (திருப்பி எடுத்தாலும்) அதே நம்பரில திரும்பப் போடேலாது. நேர 1.0.0 விடாம 1.0.0.ஆர்சி1 (ஆர்சி எண்டா ரிலீஸ் கண்டிடேட்) எண்டு விடுறது நல்லம், நம்பருக்குள்ள எழுத்து இருந்தாலே அது ப்ரீரிலீஸ், அதாவது முன்னோட்ட வெளியீடு, வேணுமெண்டு கேக்கிற ஆக்களுக்குத்தான் போகும்.

புஷ் பண்ணுறதுக்கு லாப்டொப்பில ஏபிஐ கீ (ரூபிஜெம்ஸில போட விடுற ரகசியத் திறப்பு) வச்சிருக்கத் தேவையில்லை, 2023 டிசம்பரில ட்ரஸ்டட் பப்ளிஷிங் வந்திட்டுது, ரிப்போவில வெர்ஷன் டாக் போட்டா கிட்ஹப்பின்ர தானா வேலை செய்யிற கிட்ஹப் ஆக்ஷன்ஸ் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் செல்லுற டோக்கன் எடுத்துத் தானே விடுற மாதிரி செட் பண்ணலாம். மாரி மழையில இஞ்ச கரண்ட் போனாலும் ரிலீஸ் பாதியில நிக்காது, யாழ்ப்பாணத்தில இருந்து மெயின்டெய்ன் பண்ணுற எங்களுக்கு அது பெரிய உதவி.

மாரி எண்டேக்க இன்னொண்டு. வருசாவருசம் நத்தாருக்குப் புது ரூபி வரும், 2018 இல வந்த 2.6 இல இருந்து பண்ட்லரும் அதோட சேந்தே வருது, ரெண்டும் ஒரே நாளில மாறினா பிளகின்தான் முதல்ல அடிவாங்கும். கார்த்திகையிலயே ரூபி-ஹெட்டில (இன்னும் வெளிவராத ரூபி) சிஐ, அதாவது தானா ஓடுற டெஸ்டை ஓட விடுங்கோ.

தம்பி ஆர்சி விட்டிட்டார். பண்ட்லர் பிளகின் எழுதின ஆக்கள் இஞ்சால ஆரும் இருந்தா எனக்கு எழுதுங்கோ, லிங்க் அனுப்புறன், இன்ஸ்டால் பண்ணிப் பாத்து உடைஞ்சா ஒரு இஷ்யூ போட்டு விடுங்கோ, ரூபி வெர்ஷனும் பண்ட்லர் வெர்ஷனும் சேத்து.