கியோட்டோவும் ஈரத்தாளும்

மார்ச் கடைசிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். மரக்கட்டை அச்சு படிக்க ஜப்பானின் கியோட்டோ வந்து இரண்டரை வருடம் ஆகிறது. முதல் ஆறு மாதம் மொழிக்கும் நுழைவுத் தேர்வுக்கும் போனது, மிச்சம் முதுகலை. அறையில் செதுக்கிய பலகைகள் மட்டும் 37 இருக்கின்றன. விமானத்தில் இரண்டு பெட்டி, தலா 23 கிலோ. எதைத் தூக்கிப் போடுவது என்று தினமும் பலகைகளை வரிசை மாற்றி அடுக்கிக்கொண்டிருக்கிறேன்.

இந்த ஊர் ஆசை ஒரு மீனவர் படத்தால் வந்தது. 1868 வரை நீண்ட எடோ காலத்தில் ஒரு மரக்கட்டை அச்சுக்கு வரைபவர் ஒருவர், செதுக்குபவர் இன்னொருவர், அச்சிடுபவர் மூன்றாமவர். எல்லாரையும் வைத்து வேலை வாங்கியவர் பதிப்பாளர். 1904-இல் யமமோட்டோ கனாயே ஒரு மீனவரை வரைந்து, தானே செதுக்கி, தானே அச்சிட்டார். மூன்றையும் ஒரே ஆள் செய்யும் 'சோசாகு ஹங்கா' இயக்கம் அங்கிருந்துதான் கிளம்பியது. சென்னை மீன்பிடித் துறைமுகப் பகுதியான காசிமேட்டின் பெண்ணுக்கு அந்தப் படம் பிடிக்காமல் போகுமா? எனக்கு உளி வேகமாக ஓடும், மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்று நினைத்தேன்.

வரவில்லை. இந்த முறையில் அச்சு இயந்திரம் கிடையாது. பலகையில் தூரிகையால் நிறமும் கொஞ்சம் அரிசிப் பசையும் தடவி, தாளை மேலே வைத்து, மூங்கில் மடல் சுற்றிய 'பாரென்' என்ற வட்டத் தட்டால் தேய்க்க வேண்டும். அந்தத் தூரிகையின் மயிரை மென்மையாக்க எதில் தேய்ப்பார்கள் தெரியுமா? காய்ந்த சுறாத் தோலில்! ஆசிரியர் அதைப் பயபக்தியோடு பெட்டியிலிருந்து எடுத்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் சுறா என்றால் புட்டு. தோலை உரித்துக் குப்பையில் போட்டுவிடுவோம்.

உண்மையான பாடு தாளோடுதான். வாஷி என்ற ஜப்பானியத் தாளை முந்தின நாளே நனைத்து, ஈரச் செய்தித்தாள்களுக்கு நடுவே அடுக்கி, மேலே பலகை வைத்து இரவெல்லாம் விட வேண்டும். ஈரத்தில் தாள் கொஞ்சம் விரியும், காய்ந்தால் சுருங்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பலகை. தாள் ஒரே இடத்தில் உட்கார ஒவ்வொரு பலகையிலும் 'கென்தோ' என்று இரண்டு வெட்டு இருக்கும், ஒன்று மூலைக்கு, ஒன்று ஓரத்துக்கு. தாள் சுருங்கிவிட்டால் கென்தோ எவ்வளவு துல்லியமாக இருந்தும் பயனில்லை.

பிப்ரவரியில் இறுதிக் கண்காட்சி. ஜனவரியில் காசிமேட்டு விடியலை ஏழு நிறத்தில் அச்சிட்டுக்கொண்டிருந்தேன். குளிர் தாங்காமல் ஹீட்டரைப் போட்டுவிட்டேன். அவ்வளவுதான். ஆறு நிறம் ஒழுங்காக விழுந்தது. ஏழாவது, கறுப்புக் கோடு, 20 தாளில் 11-இல் விலகிப்போனது. படகின் கோடு ஒரு பக்கம், படகின் நீலம் ஒரு பக்கம். ஆசிரியர் திட்டவில்லை. ஒரு தாளை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார், அப்புறம் ஹீட்டரைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

மறுபடி அச்சிட்டேன். ஹீட்டர் இல்லை, கோட்டும் மஃப்ளரும்தான். தாள் அடுக்கை ஈரத்துணியால் மூடி, ஒரு நேரத்துக்கு ஒரு தாள் மட்டும் வெளியே. விரல் மரத்துப்போனால் வெந்நீர் டம்ளரைப் பிடித்துக்கொள்வேன். இந்த முறை 20-க்கு 17 தேறியது. கண்காட்சியில் ஒருவர் வந்து நீலம் நன்றாக இருக்கிறது என்றார். கறுப்பு விலகவில்லையே என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று இருந்தது.

மற்ற வேலைகள் காகித வேலைகள்: வார்டு அலுவலகத்தில் வெளியேறும் பதிவு, மருத்துவக் காப்பீட்டை முடித்துக்கொள்வது, வாரம் 28 மணி நேர வரம்புக்குள் பாத்திரம் கழுவிய உணவகத்தில் கடைசிச் சம்பளம். பெரிய குப்பையைச் சும்மா போட முடியாது. முன்பதிவு செய்து, கடையில் கட்டணச் சீட்டு வாங்கி ஒட்ட வேண்டும். என் மேசைக்கு ஒட்டியாகிவிட்டது. பலகைகளில் ஒன்பதை மட்டும் எடுத்துப்போகிறேன்.

ஏப்ரலில் ஊர். 15-ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும், விசைப்படகுகள் 61 நாள் கரையிலேயே நிற்கும். வரைய வசதி. தாளுக்குத்தான் வசதியில்லை. சென்னை வெயிலில் நனைத்த தாள் இரண்டு நாளில் பூசணம் பிடிக்கும். இங்கே மழைக்காலத்தில் தாள் அடுக்கை ஃப்ரீசரில் வைப்போம். அம்மாவுக்கு ஃபோன் போட்டு, ஃப்ரீசரில் ஒரு தட்டு எனக்கு வேண்டும் என்றேன்.

"வஞ்சிரத்தை எங்கடி வைக்கிறது?" என்றாள்.