சாவிக்கு முன்னால் வந்த பில்

தென்னாப்பிரிக்காவின் டிரேக்கன்ஸ்பெர்க் மலைப்பகுதியில் ஒரு ரிசார்ட்டில் சாவியைக் கொடுப்பதற்கு முன்பே அத்தையிடம் கார்டைக் கேட்டார்கள்.

அத்தைக்கு டைம்ஷேர் உண்டு; அதாவது ஒரு ரிசார்ட்டில் வருஷத்துக்கு ஒரு வாரம் தங்கும் உரிமை. அதற்கு வருஷா வருஷம் லெவி என்ற பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறார். அந்த வாரத்தை இந்த ரிசார்ட்டுக்கு மாற்றிக்கொள்ளவும் தனிக் கட்டணம் கட்டியாயிற்று. இப்போது வைஃபை, சூழல் பாதுகாப்புக் கட்டணம், அப்புறம் உடைசலுக்கு டெபாசிட்.

முன்பதிவு உறுதிச்சீட்டின் அடியில் எறும்பு ஊர்வதுபோல ஒரே வரி: 'உள்ளூர்க் கட்டணங்கள் தனி.' எவ்வளவு என்று இல்லை.

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து பென்ஷன் பணத்தில் வந்தவர், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். எனக்கு வயிறு எரிந்தது.

இந்த நாட்டில் பிஸ்கட் பாக்கெட்டுக்குக்கூட 15% வாட் வரி சேர்த்த விலையைத்தான் போட வேண்டும், அது சட்டம். தங்குமிடத்துக்கு மட்டும் ஏன் பாதி விலையைக் காட்டுகிறார்கள்?

வாரம் மாற்றி எடுப்பவர்களே, பணம் கட்டுமுன் ரிசார்ட்டுக்கே மெயில் போட்டு மொத்தத் தொகையை எழுத்தில் வாங்கிவிடுங்கள். டெபாசிட் என்றைக்குத் திரும்பும் என்பதையும் கேளுங்கள்.