வேரைப் பார்த்த பிறகே மருந்து

தேவிபட்டினம் முதல் தொண்டி வரையுள்ள எங்கள் கரையோர ஊர்களில் மிளகாய்ச் செடி வேர் அழுகி இரண்டு பருவத்தில் வாடுகிறது. ஒன்று கார்த்திகை அடைமழையில்; மற்றொன்று மாசி, பங்குனி வெயிலில். மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்: இலை தொங்கும், வெளிறும், சில நாளில் செடி சாய்ந்துவிடும். அதனால் இரண்டுக்கும் ஒரே மருந்தைக் கேட்டு வாங்கித் தூரில் ஊற்றும் வழக்கம் இங்கே ஊறிப்போயிருக்கிறது. அந்த வழக்கம் நம் பணத்தையும் மண்ணையும் கெடுக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

வாடிய செடியை வெடுக்கென்று இழுக்காமல், சுற்றியுள்ள மண்ணை மண்வெட்டியால் நெகிழ்த்தி முழு வேரோடு எடுத்து, வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். மழைக்கால நோயாக இருந்தால் சல்லிவேர்கள் பழுப்பேறிக் குழைந்திருக்கும். இரு விரலால் பிடித்து உருவினால் மேல்தோல் கையோடு வந்துவிட, உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் மிஞ்சும். இது பித்தியம், பைட்டோப்தோரா ஆகியவற்றின் வேலை. இவற்றைப் பூஞ்சை என்று நாம் சொன்னாலும், உண்மையில் இவை தண்ணீரில் நீந்திச் செல்லும் வித்துகளைக் கொண்ட வேறொரு இனம். கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லி இவற்றைக் கட்டுப்படுத்தாது. எத்தனை முறை ஊற்றினாலும் செடி சாவது நிற்காததற்குக் காரணம், மருந்து போலி என்பதல்ல. நோய்க்கும் அதற்கும் தொடர்பில்லை என்பதே. முதல் வேலை தேங்கிய தண்ணீரை வடிப்பது. அதன் பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்து, வாடிய செடியைச் சுற்றியுள்ள நல்ல செடிகளின் தூர் நனையும்படி ஊற்ற வேண்டும். பப்பாளிக்கும் இதுவே பொருந்தும். மணற்பாங்கான கொல்லையில் தண்ணீர் தங்காது என்று நாம் நம்புகிறோம். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் ஊற்று மேலேறிவிட்டால் பள்ளமான இடங்களில் அது அடியிலிருந்தே வேரை மூழ்கடித்துவிடும். பப்பாளித் தண்டைச் சுற்றி மழைக்கு முன்பே மண்ணை அணைத்து மேடாக்கிவிடுவது எந்த மருந்தையும்விட மேலானது.

வெயில் கால அழுகலில் ஈரமே இருக்காது. வேர் காய்ந்து நொறுங்கும், பட்டை நார் நாராக உரியும், செடி சற்று இழுத்தாலே கையோடு வரும். உரித்த பட்டையின் உட்புறத்தை வெளிச்சத்தில் பிடித்தால் கரித்தூளைத் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் தெரியும். அவைதான் மேக்ரோபோமினா பூஞ்சையின் உறங்கும் வித்துகள். காய்ந்த மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். மண் சூடு 30 டிகிரியைத் தாண்டி, ஈரம் குறைந்து, செடி காய்ப்பின் பாரத்தில் இருக்கும் நேரம் பார்த்து இது தாக்கும். இங்கே கார்பென்டசிம் ஓரளவு பயன்படும், லிட்டருக்கு ஒரு கிராம். ஆனால் இந்தப் பூஞ்சை நூற்றுக்கணக்கான பயிர்களில் வாழக்கூடியது. பருத்தி, உளுந்து, எள், சோளம் எல்லாமே அதற்கு உணவு. மிளகாய் போன வயலில் அடுத்துப் பருத்தி போடுவதைப் பயிர் மாற்றம் என்று கணக்கில் கொள்ள முடியாது. தண்ணீர் கட்டி நெல் விளைவித்த வயலில் இந்த வித்துகள் வெகுவாக அழிகின்றன. ஆகவே கண்மாய்ப் பாசனம் கிடைக்கும் வயலில் நெல்லுக்குப் பின் மிளகாய் என்ற பழைய முறைக்கு நல்ல காரணம் இருக்கிறது.

தூரில் வெள்ளை நூலும் கடுகு போன்ற உருண்டைகளும் இருந்தால் அது ஸ்கிளிரோசியம் என்ற பூஞ்சை. செடியை அடிமண்ணோடு எடுத்து எரித்துவிட வேண்டும். எருக்குழியிலோ வாய்க்காலிலோ போடக் கூடாது. வேரில் முடிச்சுகள் இருந்தால் அது நூற்புழு. மணல் நிலத்தில் இது மிகுதி. இது குத்திய புண் வழியாகவே அழுகல் நுழையும் என்பதால் நூற்புழுவைக் குறைக்கும் செண்டுமல்லியை இடையில் பயிரிடுவது நல்லது. கத்தரியும் தக்காளியும் பச்சையாகவே திடீரென்று வாடினால், தண்டைக் குறுக்கே வெட்டிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நட்டுவைத்துப் பாருங்கள். வெட்டுவாயிலிருந்து பால் போன்ற இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். பூஞ்சை மருந்து எதுவும் அதற்கு உதவாது. களையெடுக்க வரும் அக்காமார்தான் வாடல் தொடங்கும் செடியை முதலில் கண்டு சொல்கிறவர்கள். அவர்களுக்கும் இந்த வேறுபாடுகளைக் காட்டி வையுங்கள்.

உப்புத் தண்ணீரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கடலோரக் கிணறுகளில் பங்குனிக்கு மேல் உப்பு ஏறும்போது வேர் நுனி கருகி வலுவிழக்கிறது. அழுகல் கிருமிகளுக்கு அதுவே வாசல். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாய் வறட்சியைத் தாங்கும் பயிர்தான், ஆனாலும் சோர்ந்த வேர் நோயையும் தாங்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கோடையில் பாசனம் செய்பவர்கள் ஊருணி, பண்ணைக்குட்டை நீரைக் கொஞ்சமாவது கலந்து பாய்ச்ச முடிந்தால் செய்யுங்கள். தொழு உரத்தையும் தாராளமாக இடுங்கள்.

நாற்றங்காலுக்கு நமக்கு வாய்த்த பெரும் மருந்து வெயில். அக்கினி நட்சத்திர நாள்களில் பாத்தியை நன்றாக நனைத்து, கறுப்பு அல்லாமல் நிறமற்ற மெல்லிய பாலிதீன் தாளால் மூடி, ஓரங்களை மண்ணால் இறுக்கி, 4 முதல் 6 வாரம் விட்டுவிட்டால் மேல்மண்ணில் உள்ள கிருமிகளில் பெரும்பகுதி வெந்து மடியும். பிறகு அந்தப் பாத்தியை ஆழமாகக் கொத்தக் கூடாது. அடியில் தப்பிப் பிழைத்தவை மேலே வந்துவிடும். விதைக்கும்போது பாத்தியை 15 சென்டிமீட்டராவது உயர்த்தி, விதையை நெருக்கமின்றித் தூவ வேண்டும்.

நோய்ப் பூஞ்சைகளை அடக்கும் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நல்ல பூஞ்சையை ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் வீதம் கலந்து விதைக்கலாம். நடவு வயலுக்கு ஏக்கருக்கு ஒரு கிலோவை 20 கிலோ மக்கிய தொழு உரத்தில் கலந்து, மண்ணில் ஈரம் இருக்கும்போது தூவ வேண்டும். வேப்பம் புண்ணாக்கு 100 கிலோ சேர்த்தால் இன்னும் நல்லது. டிரைக்கோடெர்மா உயிருள்ள பூஞ்சை. காய்ந்த மண்ணில் போட்டால் வீண். கார்பென்டசிமோடு சேர்த்து ஊற்றினால் அதுவே செத்துப்போகும், குறைந்தது 15 நாள் இடைவெளி வேண்டும். வாங்கும்போது பொட்டலத்தில் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். நான்கு மாதம் கடந்ததையும் வெயில் படும் இடத்தில் அடுக்கியிருப்பதையும் வாங்காதீர்கள்.