குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

காணாமல் போன முன்னோரைப் பழைய பதிவேடுகளில் தேடித் தரும் ஒரு குழுவின் விண்ணப்பத்தில் நான்காவது கட்டம் ‘குடும்பப் பெயர்’. அதற்கு முன்னால் கேட்டிருந்த என் பெயர், மின்னஞ்சல், எந்த நாட்டிலிருந்து எழுதுகிறேன் எல்லாவற்றையும் சரசரவென்று நிரப்பிவிட்டு இங்கே வந்து அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் தேடுகிற ஆளுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. எனக்கே கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து ஒன்றுதான் முன்னால் நிற்கிறது, அதை வைத்துக்கொண்டு தென்னாப்பிரிக்காவில், டர்பனில் இருக்கிறவர்கள் என்ன செய்வார்கள்?

யாரைத் தேடுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் கொள்ளுத்தாத்தாவுக்கு ஓர் அண்ணன் இருந்தார். ஆத்தூர்ப் பக்கம் எங்கள் பூர்வீகம். கிணற்றுத் தண்ணீர் முறை யாருக்கு என்று தம்பியோடு சண்டை வந்து, ‘மலைக்கு வேலைக்குப் போறேன்’ என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினவர் அப்புறம் வரவே இல்லை. வேலைக்கு மலைக்குப் போவதென்றால் எங்கள் வீட்டில் ஏற்காடுதான். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பிச்செடி வைத்தார், அதன் பிறகு காப்பித் தோட்டங்கள் பெருகப் பெருகக் கீழே காடு காய்ந்தால் மேலே கூலிக்குப் போகலாம் என்று ஆகிவிட்டது. கொள்ளுத்தாத்தா மனசு கேட்காமல் இரண்டு தடவை மலையேறி ஒவ்வொரு எஸ்டேட்டாக விசாரித்திருக்கிறார். கடைசியில் ஒரு கங்காணி, ‘அவன் பட்டணம் போய் நேட்டாலுக்குக் கப்பல் ஏறிட்டானே’ என்றாராம். இவ்வளவுதான் எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்தது. நேட்டால் எங்கே இருக்கிறது என்றுகூட யாருக்கும் தெரியாது. கொழும்புக்குப் பக்கம் என்று என் அப்பா சாகும்வரை நினைத்துக்கொண்டிருந்தார்.

அது தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமென்று ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுபோனார்கள். ‘ட்ரூரோ’ என்ற முதல் கப்பல் சென்னையிலிருந்து கிளம்பி 1860 நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்தது, 1911இல் இந்த ஏற்றுமதி நிற்கிறவரைக்கும் ஒரு லட்சத்து 52 ஆயிரத்துச் சொச்சம் பேர் போயிருக்கிறார்கள், அதில் பெரும்பகுதி சென்னை வழியாகப் போனவர்கள். இதில் எனக்கு உதவியது ஒன்று. ஏற்றுமதிச் சரக்கு போலத்தான் நடத்தினார்கள் என்பதால் சரக்குக்குப் போலவே கணக்கும் வைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம், ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பில் என்ன தழும்பு, எந்த முதலாளிக்கு ஒதுக்கினார்கள் என்பது வரை கப்பல் கப்பலாகப் பதிவேடு. அந்தப் பதிவேடுகள் இன்னும் இருக்கின்றன. நம் ஊரில் அதே காலத்தில் நிலம் இல்லாமல் இருந்த ஒரு மனிதனைப் பற்றி இத்தனை விவரம் ஓரிடத்தில் கிடைக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

முதலில் நான் ஏமாந்த கதை. வம்சாவளி தேடித் தருகிறோம் என்று விளம்பரம் செய்த ஒரு கம்பெனிக்குப் பணம் கட்டினேன். மூன்று வாரம் கழித்து அழகான மரம் வரைந்த ஒரு படம் வந்தது, கிளைகளில் நான் எழுதிக் கொடுத்த பெயர்களே தொங்கின. அதோடு அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன்.

அப்புறம்தான் டர்பன் பக்கம் ஒரு சிறிய தன்னார்வக் குழு கண்ணில் பட்டது. சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள் இல்லை, ஓய்வுபெற்றவர்கள் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஆவணக் காப்பகத்துக்குப் போய் மற்றவர்களுக்காகத் தேடித் தருகிறார்கள். இரண்டு மணி நேரத் தேடலுக்கு ஒரு சின்னத் தொகை, நகலுக்குத் தனி. ஆள் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தேடின நேரத்துக்குக் காசு, அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

அவர்களுக்கு நான் எழுதிய முதல் கடிதத்தை இப்போது படித்தால் கூச்சமாக இருக்கிறது. ஆறு பக்கம். எங்கள் குலதெய்வத்தில் ஆரம்பித்து, கிணற்றுச் சண்டை, கொள்ளுத்தாத்தா மலையேறியது, அவர் கடைசிக் காலத்தில் அண்ணன் பெயரைச் சொல்லி அழுதது எல்லாம் எழுதி, கடைசியில் ‘இவரைப் பற்றி என்ன கிடைத்தாலும் அனுப்புங்கள்’ என்று முடித்திருந்தேன். பதில் நாலே வரி. ஒரு விண்ணப்பத்தில் ஓர் ஆள், ஒரு கேள்வி. அவர் எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷத்துக்குள் போயிருக்கலாம்? தகப்பன் பெயர் என்ன? ஊர் எது, எந்த தாலுகா? கடைசியாக ஒன்று: இவற்றில் எது காகிதத்தில் பார்த்தது, எது வாய்வழியாகக் கேட்டது என்று பிரித்து எழுதுங்கள்.

அந்த ஐந்தாவது கேள்விதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. எழுதின ஆறு பக்கத்தில் காகிதத்தில் பார்த்தது ஒரு வரிகூட இல்லை.

வருஷத்திலிருந்து ஆரம்பித்தேன். பங்காளி ஒருவர், ‘அவரு தாது வருஷப் பஞ்சத்துல போனவருப்பா’ என்று அடித்துச் சொன்னார். 1876இல் தொடங்கிய அந்தப் பஞ்சம் சேலம் ஜில்லாவை உலுக்கியது உண்மை. 1871 குடிக்கணக்கில் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர் இருந்த ஜில்லாவில் 1881இல் 16 லட்சம் பேர்தான். செத்தவர்கள் போக ஊரைவிட்டுப் போனவர்களும் அதில் உண்டு. அதனாலேயே எங்கள் பக்கம் எவர் காணாமல் போனாலும் தாது வருஷத்தில் போனவர் ஆகிவிடுகிறார். ஆனால் கணக்குப் போட்டால் இடிக்கிறது. அயோத்தியாப்பட்டணத்தில் இருக்கும் என் அத்தைக்கு 84 வயது. அத்தையின் தாத்தா, அதாவது என் கொள்ளுத்தாத்தா, அத்தைக்குப் பத்து வயதாகும்போது அறுபத்தைந்து வயதில் இறந்தவர். அப்படியானால் 1876இல் அவர் பிறக்கவே இல்லை, அண்ணன் பிறந்திருந்தாலும் கைக்குழந்தை. சண்டை போட்டுவிட்டுத் துண்டை உதறுகிற வயது வர 1900 ஆகியிருக்கும். 1911க்குப் பிறகு கப்பல் இல்லை. ஐம்பது வருஷக் கப்பல்களில் தேட வேண்டியது பத்துப் பதினோரு வருஷமாகச் சுருங்கியது, அதற்கு ஆன செலவு அத்தை வீட்டுக்குப் பேருந்துக் கட்டணமும் ஒரு சீப்பு வாழைப்பழமும்தான்.

தகப்பன் பெயர் இதைவிடச் சுலபம் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள், பேரன் என்ற சொல்லே பெயரன்தானே. இரண்டே பெயர்கள் மாறி மாறி வரும். எண்ணிப் பார்த்தால் காணாமல் போனவரின் அப்பாவுக்கும் எனக்கும் ஒரே பெயர். ஆனால் அதிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது, ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பதால் அத்தை சொல்லும் கதைகளில் எது என் தாத்தா செய்தது, எது தாத்தாவின் தாத்தா செய்தது என்று அத்தைக்கே தெரியவில்லை. காகிதம் வேண்டும். அத்தைதான், ‘அந்தப் பாகப் பத்திரம் எங்க போச்சு கண்ணு, பெரியவன் வூட்டுல இருக்குமே’ என்றார். இருந்தது. ஜார்ஜ் மன்னர் தலை போட்ட முத்திரைத்தாள், மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்தது. கொள்ளுத்தாத்தாவும் அவருடைய கடைசித் தம்பியும் நிலத்தைப் பிரித்துக்கொண்ட பத்திரம். ‘இன்னார் குமாரர்’ என்று தகப்பன் பெயர் தெளிவாக இருந்தது, என் பெயரேதான். அதுமட்டும் இல்லை, தேசாந்திரம் போன மூத்தவர் திரும்பி வந்தால் கிணற்றில் அவருக்கு மூன்றில் ஒரு பாகம் விட வேண்டியது என்றும் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார்கள். சண்டை போட்டதே அந்தக் கிணற்றுக்குத்தான்.

ஊர்தான் பெரிய தலைவலி. நாங்கள் ஊர் என்று சொல்வது ஒரு குக்கிராமம், வருவாய்க் கணக்கில் அது வேறொரு கிராமத்தோடு சேர்ந்தது. கிராம நிர்வாக அலுவலரைப் போய்ப் பார்த்துத்தான் அந்தப் பெயரைத் தெரிந்துகொண்டேன். சென்னைத் துறைமுகத்தில் அவரிடம் ஊர் கேட்டபோது எந்தப் பெயரைச் சொன்னாரோ. என்ன சொன்னாலும் எழுதினவருக்குத் தமிழ் எவ்வளவு தெரியுமோ. பாளையம் ‘பொல்லியம்’ ஆகியிருக்கும், பட்டி ‘புட்டி’ ஆகியிருக்கும். அதுபோக, அன்றைய சேலம் ஜில்லா என்பது நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், திருப்பத்தூர் எல்லாம் சேர்ந்தது. பதிவேட்டில் சேலம் என்று கண்டதும் நம்ம ஊர் என்று குதித்துவிடக் கூடாது. அங்கிருந்து இங்கே தேடி வருகிறவர்கள் பலர் ஜில்லாப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு சேலம் ஜங்ஷனில் இறங்கி நிற்பது இதனால்தான். ஊருக்கு எத்தனை விதமாக எழுத்துக்கூட்ட முடியுமோ அத்தனையையும் எழுதினேன், பன்னிரண்டு வந்தது.

குடும்பப் பெயர்க் கட்டத்துக்கு வருகிறேன். எங்களுக்கு அப்படி ஒன்று இல்லை என்று எழுதியதற்கு அந்தக் குழுவின் அம்மா ஒருவர் (பள்ளி ஆசிரியையாக இருந்தவராம், அவருடைய முன்னோர் வட ஆற்காட்டுக்காரர்கள், தமிழ் படிக்கத் தெரியாது) அழகாக விளக்கினார். அங்கே போனவர்களுக்கும் இல்லைதான். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க, பத்திரம் எழுத, எதற்கென்றாலும் ஒன்று கேட்டார்கள், கொடுத்தார்கள். சிலர் அப்பா பெயரையோ தாத்தா பெயரையோ கொடுத்தார்கள், சிலர் சாதிப் பட்டத்தைக் கொடுத்தார்கள். முதலியார் ‘மூட்லி’ ஆனது. கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆனது. தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட், அரசியல் செய்திகளில் கோவெண்டர் என்ற பெயரை எத்தனை தடவை பார்த்திருப்பேன், ஏதோ டச்சுப் பெயர் என்று நினைத்திருக்கிறேன்! கட்டத்தை வெறுமனே விடுங்கள், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்.

இரண்டாவது விண்ணப்பம் ஒரே பக்கம். ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது.

ஆள் இருக்கிறார். பிரச்சினை என்னவென்றால் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவருக்குத் தகப்பன் பெயர் அச்சாகப் பொருந்துகிறது, வயது 22, ஆனால் தாலுகா நாமக்கல். இன்னொருவருக்குத் தாலுகா ‘அஹ்டூர்’, ஊர் ஏதோ ஒரு பொல்லியம், தகப்பன் பெயர் மட்டும் பாதி சிதைந்து கிடக்கிறது, வயது 30 என்று போட்டிருக்கிறார்கள். வயதைப் பெரிதாக நம்ப வேண்டாம், பார்வைக்கு எத்தனை தோன்றியதோ அதை எழுதுவது வழக்கம் என்று அந்த அம்மா எழுதியிருந்தார். சாதிக் கட்டத்தையும் அப்படித்தான் என்றார், கப்பலேறும்போது மாற்றிச் சொன்னவர்கள் உண்டு. இரண்டாமவருக்கு இடது முழங்காலில் தழும்பு. அத்தையிடம் கேட்டேன். ‘நான் பொறக்கறதுக்கு முப்பத்தஞ்சு வருசம் முன்னால போனவரோட முழங்கால் எனக்கு எப்படித் தெரியும்?’ என்றார். நியாயம்தான்.

நான் ரொம்ப நேரம் பார்த்தது அந்தத் தழும்பு வரியைத்தான். சொன்னால் சிரிப்பீர்கள், என் கொள்ளுத்தாத்தாவின் புகைப்படம்கூட எங்களிடம் இல்லை.

உயிரோடு இருக்கிறவர்களைப் பற்றி அந்தக் குழு எதுவும் தராது. வாரிசுகள் இருப்பது தெரிந்தால் நம் கடிதத்தை அவர்களிடம் சேர்ப்பார்கள், அவர்கள் விரும்பினால் எழுதுவார்கள். அதனால்தான் நானும் இங்கே ஊர்ப் பெயரையோ ஆள் பெயரையோ போடவில்லை. இதை அத்தையிடம் சொன்னபோது அவருக்கு வந்த கவலை வேறு. ‘ஏன் சாமி, அவுங்க வந்து கெணத்துல பங்கு கேட்டா?’ கிணறு தூர்ந்துபோய் எட்டு வருஷம் ஆகிறது. சுற்றி மனை போட்டு விற்றாகிவிட்டது. பத்திரத்தில் இருக்கும் அந்த மூன்றில் ஒரு பாகம் இப்போது யாரோ ஒருவருடைய கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் இருக்கிறது. அத்தை அதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. ‘இருந்தாலும் கேக்கறது மொறைதான்’ என்றார்.

இன்னும் இரண்டு மணி நேரத் தேடலுக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன். அடுத்ததாகப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்தில் இறந்தவர்களின் சொத்துக் கோப்புகளைப் பார்க்கப் போகிறார்கள். அங்கே ஒருவர் கொஞ்சம் சொத்து வைத்துவிட்டு இறந்தால் மரண அறிவிப்புப் படிவம் ஒன்று நிரப்புவார்களாம், அதில் பிறந்த இடம், பிள்ளைகள் பெயரோடு தாய் தகப்பன் பெயரும் எழுத இடம் உண்டு. இரண்டு பேரில் யார் எங்கள் ஆள் என்பதை அது தீர்த்துவிடலாம். அதற்காக அந்த அம்மா ஒரே ஒரு தகவல் கேட்டிருக்கிறார்: அவருடைய தாயார் பெயர்.

பத்திரத்தில் இல்லை. பட்டாவில் இருக்க வழியில்லை. அத்தைக்குத் தெரியவில்லை, பங்காளிகள் யாருக்கும் தெரியவில்லை. ஆண்கள் பெயர் ஐந்து தலைமுறைக்கு அடுக்கடுக்காக வருகிறது, இந்த ஐந்து ஆண்களைப் பெற்றவர்களில் என் அப்பாவின் அம்மாவுக்கு மேலே ஒருவர் பெயரும் எங்களிடம் இல்லை. அந்த வீட்டுக்கு வாழ வந்த பெண், தலைவாசல் பக்கத்திலிருந்து வந்தவர் என்று மட்டும் அத்தைக்கு ஞாபகம். அங்கே தாய்மாமன் வழியில் தூரத்துச் சொந்தம் ஒரு பெரியம்மா இருக்கிறாராம், தொண்ணூறைத் தாண்டியவர், காது கேட்காது, ஆனால் பெயர்கள் எல்லாம் ஞாபகம் இருக்குமாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அத்தையையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.