பார்சிலோனாவின் வெட்டிய முனைகள்

நடப்பதற்கு ஏற்ற நகரம் என்று கேள்விப்பட்டே பார்சிலோனாவுக்குச் சென்றேன். பொறியாளர் இல்தெஃபோன்ஸ் செர்தா வகுத்து, 1859இல் ஒப்புதல் பெற்ற எஷாம்ப்ளா பகுதி அந்தப் பெயருக்குப் பெரும்பாலும் தகுதியானதுதான். 20 மீட்டர் அகலத் தெருவில் பாதியை வண்டிகளுக்கும், இருபுறமும் ஐந்தைந்து மீட்டரை நடைபாதைக்கும் அவர் ஒதுக்கினார். கார் என்ற ஒன்றே இல்லாத காலத்தில் நடப்பவருக்குச் சரிபாதி கொடுத்த மனிதர் அவர்.

சிக்கல் தெருவில் இல்லை, முனையில் இருக்கிறது. ஏறக்குறைய 113 மீட்டர் பக்கமுள்ள ஒவ்வொரு கட்டடத் தொகுதியின் நான்கு மூலைகளும் 45 பாகையில் வெட்டப்பட்டிருக்கின்றன. வண்டிகள் எளிதாகத் திரும்பவும், குறுக்கே வருவது முன்கூட்டியே கண்ணில் படவும் செய்த ஏற்பாடு அது. நடப்பவருக்கோ அது வீண் சுற்று. எதிர்ப்பக்க நடைபாதை நேராகத் தெரிகிறது. ஆனால் கடக்கும் கோடுகள் அங்கே இல்லை. வெட்டுச் சுவரை ஒட்டிச் சாய்வாகத் திரும்பி, குறுக்குத் தெருவில் சற்று உள்ளே போய்க் கடந்து, மறுபுற வெட்டு வழியாக மீண்டும் பழைய கோட்டுக்கு வர வேண்டும். இது ஒவ்வொரு தொகுதிக்கும் ஒருமுறை. வெட்டால் கிடைத்த இடத்தில் சரக்கு வண்டிகளும் குப்பைத் தொட்டிகளும் நிற்கின்றன. சக்கரப் பையை இழுத்துவந்த மூதாட்டி ஒருவர் இருபுறமும் பார்த்துவிட்டு, கோடுகளைப் பொருட்படுத்தாமல் நேரே கடந்தார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை; கால் போக விரும்பும் வழியில் கோடு போடாதது தெருவின் பிழை.

அதே எஷாம்ப்ளாவில், 2023இல் சீரமைத்து முடிக்கப்பட்ட கொன்செல் தெ சென் தெருவில் அதே முனைகள் வேறு விதமாகப் பயன்படுகின்றன. நடைபாதைக்கும் சாலைக்கும் இடையிலிருந்த படி நீக்கப்பட்டு, தரை முழுதும் ஒரே மட்டமாகிவிட்டது. உள்ளே வரும் கார் மணிக்கு 10 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. வண்டிகளுக்காக வெட்டிய நான்கு மூலைகளும் சேர்ந்து, சில சந்திப்புகளில் இருக்கைகளும் செடிகளும் கொண்ட எண்கோணச் சதுக்கமாகியுள்ளன. அங்கே கடப்பது என்ற எண்ணமே எழவில்லை, நடந்துகொண்டே இருந்தேன்.

ஆனால் ஒரு தொகுதி தள்ளி இணைத் தெருவுக்குப் போனால் மீண்டும் அதே சுற்றுதான். எஷாம்ப்ளாவில் 21 தெருக்களை இவ்வாறு மாற்ற வேண்டும் என்பது அறிவிக்கப்பட்ட திட்டம். முதல் கட்டத்தில் முடிந்தவை நான்கு மட்டுமே.