பெருமாள்புரம் என்ற பெயருக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

திருநெல்வேலியில் பாளையங்கோட்டைப் பக்கம் எந்த மனை விளம்பரத்தை எடுத்தாலும் ‘பெருமாள்புரம் மிக அருகில்’, ‘மகாராஜநகர் மிக அருகில்’ என்றுதான் இருக்கும். அந்தப் பெயர்களுக்கு விலை உண்டு என்பது வாஸ்தவம். சேவியர்ஸ், ஜான்ஸ், சாராள் தக்கர் கல்லூரிகளும் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியும் தாமிரபரணியின் இந்தக் கரையில்தான். வாடகைக்கு ஆள் சீக்கிரம் வரும், விற்கவும் சிரமமில்லை. அந்த ‘அருகில்’ எவ்வளவு தூரம் என்பதில்தான் ஆட்கள் சறுக்குகிறார்கள்.

பின்கோடை நம்பி விலை பேசாதீர்கள். 1972-இல் வந்த அந்த ஆறு இலக்கம் தபால் பிரிக்க மட்டும்தான். 2019-இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான தென்காசிக்கு இன்றும் திருநெல்வேலியின் 627தான் தொடக்கம். பெருமாள்புரத்தின் 627007 ரெட்டியார்பட்டி வரை போகும். மாநகராட்சித் தெருவும் ஊராட்சி மனையும் அதே எண்ணுக்குள்தான். ஊராட்சி மனையென்றால் செப்டிக் டேங்க் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பத்திர ஆபீசுக்கு விளம்பரப் பெயர் பொருட்டே இல்லை. வருவாய்க் கிராமம், சர்வே எண், உட்பிரிவு, அவ்வளவுதான். பதிவுத்துறை இணையதளத்தில் வழிகாட்டி மதிப்பை, அதாவது பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் மதிப்பை, தெருப் பெயரிலும் சர்வே எண்ணிலும் தனித்தனியாகத் தேடுங்கள். புரோக்கர் சொன்ன தெருவின் மதிப்பைவிட சர்வே எண்ணின் மதிப்பு வெகுவாகக் குறைந்தால், மனை அந்தத் தெருவில்தான் இருக்கிறதா என்று புலப்படம் (அந்த சர்வே எண்ணின் அளவு வரைபடம்) வாங்கிப் பார்க்க வேண்டும். மதிப்பு சதுர அடிக்கு இருக்கும், நம்மூர்ப் பேச்சு சென்டில் இருக்கும், 435.6-ஆல் பெருக்குங்கள். சதுர அடி 1,000 ரூபாய் என்று வைத்தால் 5 சென்ட் 21,78,000. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம்: 1,96,020 ரூபாய்.

பெயருக்குக் கொடுக்கும் கூடுதல் காசு கடிப்பது பேங்கில்தான். வீட்டோடு 50 லட்சம் பேசியிருப்பீர்கள். பேங்க் மதிப்பீட்டாளர் 40 லட்சம் போட்டால் 80 சதவீதக் கடன் அந்த 40-க்குத்தான். 32 லட்சம் போக 18 லட்சம் கைக்காசு, பத்திரச் செலவு தனி.

இன்னொன்று, தண்ணீர். 2023 டிசம்பர் வெள்ளம் வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம், ஜங்ஷன் என்று பெயர்போன இடங்களுக்குள்தான் புகுந்தது. கிராம வரைபடத்தில் மனைக்குப் பக்கத்தில் குளமோ ஓடையோ கால்வாயோ போட்டிருக்கிறதா என்று பாருங்கள், பக்கத்து வீட்டில் தண்ணீர் எதுவரை நின்றது என்றும் கேளுங்கள். குலவணிகர்புரம் ரயில்வே கேட்டைத் தாண்டித்தான் தினமும் போக வேண்டுமென்றால், காலை எட்டரைக்கு ஒரு தரம் வண்டியில் போய் நின்று பார்த்துவிட்டு அட்வான்ஸைப் பேசுங்கள்.