வளைகுடா வெயில்ல செண்ட் பாட்டில எங்க வைக்கிறது?

ஷார்ஜா வந்த புதுசுல எனக்கு ரொம்பப் புடிச்சது எங்க பில்டிங் லிஃப்ட்தான். காலைல கதவு தொறந்தா ஊதுங்குற அகில், ரோஜா, கஸ்தூரின்னு யாரோ போட்டுட்டுப் போன வாசனை அப்படியே நிக்கும். இங்க வாசனை போடாம வெளிய கெளம்புறவங்க கொறச்சல், நாமளும் வந்த கொஞ்ச மாசத்துலயே பஸ்ஸப் புடிச்சு துபாய்ல இருக்குற தெய்ராவுக்குப் போயி, பெர்ஃப்யூம் சூக்ல, அதாவது வாசனைச் சந்தைல, கட கடயா ஏறி எறங்கி, கையெல்லாம் தடவிப் பாத்துட்டு ரெண்டு பாட்டிலோட திரும்பிருவோம். வாங்குறது ஈசி. கெடாம வச்சுக்குறதுதான் இந்த ஊர்ல பெரிய வேல, அத யாரும் சொல்லித் தர்றதில்ல, அதான் எழுதுறேன்.

நம்ம ஊர்ல அக்னி நட்சத்திரம் ஒரு மாசத்துக்குள்ள முடிஞ்சுரும். இங்க ஜூன்ல ஆரம்பிச்சா செப்டம்பர் வரைக்கும் வெயில் விடாது, பகல்ல 45 டிகிரியக்கூட தாண்டும். ஜூன் 15ல இருந்து செப்டம்பர் 15 வரைக்கும் மதியம் 12.30ல இருந்து 3 மணி வரைக்கும் ஆளுங்கள வெட்டவெளில வேல வாங்கக்கூடாதுன்னு சட்டமே போட்டிருக்காங்க. ஸ்ப்ரே செண்ட்டுல பெரும்பகுதி ஆல்கஹால், அதுல கலந்த வாசனை எண்ணெய் கொஞ்சம்தான். சூடு, வெளிச்சம், காத்து எல்லாம் சேந்து மொதல்ல கெடுக்கிறது எலுமிச்ச, ஆரஞ்சு மாதிரி அடிச்ச உடனே மூக்குல ஏறுற வாசனைங்களத்தான். அடிச்சு ஒரு நிமிஷம் ஆகியும் புளிச்ச நெடி போகலன்னா அது கெட்டுப்போச்சு. ஆனா கலர் மாறிடுச்சுன்னு மட்டும் தூக்கிப் போட்டுறாதீங்க, வெனிலா சேத்ததெல்லாம் தானாவே பழுப்பாகும், வாசனை நல்லாத்தான் இருக்கும்.

மொதல்ல நான் பெட் ஸ்பேஸ்ல, அதாவது பல பேர் தங்குற ரூம்ல ஒரு கட்டில் மட்டும் வாடகைக்கு எடுத்து, இருந்தப்போ கூட இருந்தவர் கீழக்கரை பாய் ஒருத்தர், அத்தர் கடையில வேல. அவரு கட்டிலுக்கு அடியில ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கும், அதுக்குள்ள கறுப்புத் துணி சுத்தி குட்டிக்குட்டி பாட்டிலா நிக்கும், எதுவும் பாதி காலியா இருக்காது, கொறஞ்சா அதவிடச் சின்ன பாட்டிலுக்கு மாத்தி கழுத்து வரைக்கும் நெறச்சுருவார். உள்ள காத்துக்கு எடம் இருந்தா அது எண்ணெய மெல்ல மெல்ல கெடுக்கும்னு சொல்வார். "தம்பி, கண்ணாடி ஷெல்ஃபுல அடுக்குறது கடைக்காரன் வேல, அவனுக்கு நாளைக்கே வித்துரும், உங்களுக்கு வருஷக்கணக்கா இருக்க வேணாமா"ன்னு கேப்பார். தோலா கணக்குலதான் அவரு பேச்சே, ஒரு தோலாங்குறது பதினொன்னரை கிராமுக்குக் கொஞ்சம் மேல, கால் தோலா பாட்டிலே பல மாசம் வரும். நல்ல ஊது எண்ணெய பத்திரமா வச்சா நாளாக நாளாக வாசனை ஆழமாகும், ஸ்ப்ரே அப்படி இல்ல, அது வாங்குன அன்னைக்கு இருக்குற மாதிரியே கொஞ்ச காலம் நின்னாலே போதும்.

ஃபேமிலி ஃப்ளாட்டுக்கு வந்தப்பறம் எடம் தேடுறது வேற மாதிரி ஆகிடும். பாத்ரூம் ஷெல்ஃப் வேணவே வேணாம், கோடைல மொட்ட மாடி டேங்க் கொதிச்சு பச்சத்தண்ணி பைப்ப தொறந்தாலே சுடுதண்ணிதான் வரும், குளிச்சு முடிச்சா கண்ணாடி பூரா ஆவி, அந்தப் புழுக்கம் பாட்டிலுக்கு ஆகாது. டிரஸ்ஸிங் டேபிளும் ஜன்னல் பக்கம்னா சரிப்படாது. சாயங்காலம் ஒரு நாலு, அஞ்சு மணிக்கு ஒவ்வொரு சுவத்துலயும் உள்ளங்கைய வச்சுப் பாருங்க, வெயில் படுற வெளிச்சுவரு ஏசி ஓடும்போதும் வெதுவெதுன்னு இருக்கும், பெட்ரூமுக்குள்ள எந்தச் சுவரு சில்லுன்னு இருக்கோ அந்தப் பக்க வார்ட்ரோப்ல கீழ்த்தட்டுதான் சரியான எடம். அட்ட டப்பாவ தூக்கிப் போடாம அதுக்குள்ளயே வச்சு, மூடிய இறுக்கி, பாட்டில நிமித்தி வைக்கணும். கார்ல மட்டும் விட்டுட்டு எறங்காதீங்க, ஆல்கஹால்ங்க, நிறுத்தி வச்ச கார்ல அது ஆபத்து.

ஃப்ரான்ஸ்ல வெர்சாய்ல ஆஸ்மோதெக்னு ஒரு எடம் இருக்கு, 1990ல ஆரம்பிச்சது, பழைய செண்ட்டெல்லாம் சேத்து வைக்கிற காப்பகம். அவங்க இருட்டுல 12 டிகிரில வச்சு, பாட்டில்ல காத்து நிக்காம ஆர்கான் வாயுவ நெரப்பிப் பாதுகாக்குறாங்க. பாய் பிஸ்கட் டின்னுல செஞ்சதும் பாதி இதேதான்னு படிச்சப்போ எனக்கு அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு.

ரொம்ப முக்கியமானது லீவு. ஸ்கூல் லீவுன்னு ஜூலைல எல்லாரும் ஊருக்குக் கெளம்புவோம், கரண்ட் பில்லுக்குப் பயந்து ஏசிய அணச்சுட்டுப் போவோம், பூட்டுன வீடு ஒரு மாசம் பூரா வேகும், வருஷம் முழுக்கப் பத்திரமா வச்சது அந்த ஒரு மாசத்துல வீணாகிடும். ஃப்ரிட்ஜ் ஓடுற மாதிரி விட்டுட்டுப் போறீங்கன்னா ஜிப் கவர்ல போட்டு கீழ்த்தட்டுல நிக்க வச்சுட்டுப் போங்க, திரும்பி வந்ததும் கவரப் பிரிக்காம வெளிய வச்சு, குளிர் விட்டப்பறம் எடுங்க, இல்லன்னா பாட்டில் பூரா வேர்த்துக் கொட்டும். அதுவும் முடியாதுன்னா ஊருக்குப் போகாத ஃப்ரெண்டு வீட்டுல குடுத்துட்டுப் போகலாம்.

ஊருக்குக் கொண்டுபோறத செக்கின் பெட்டில துணிக்கு நடுவுல வைங்க, ஒரு பாட்டில் அர லிட்டருக்குள்ள, இந்த மாதிரி சாமான் எல்லாம் சேத்து ஆளுக்கு ரெண்டு லிட்டர்தான் விடுவாங்க, கைப்பைன்னா பாட்டில் 100 மில்லிய தாண்டக்கூடாது. கப்பல் கார்கோல போடாதீங்க, தீப்பிடிக்கிற சாமான்னு அதுக்குத் தனி விதி இருக்கு, கன்டெய்னர் சூடு வேற. அங்க போனதும் அம்மா அத ஹால் ஷோகேஸ்ல வரிசையா அடுக்கிருவாங்க, புள்ள வெளிநாட்டுல இருந்து கொண்டாந்ததுன்னு நாலு பேருக்குக் காட்டுற ஆச, அதக் கொற சொல்ல முடியாது. ஆனா ட்யூப்லைட்டும் ஜன்னல் வெயிலும் நேரா விழுற எடம் அது. முழு பாட்டில பீரோவுல உள்ளாற டப்பாவோட வச்சுக்கச் சொல்லுங்க, ஷோகேஸ்ல காலி பாட்டில் இருந்தா போதும்.